கிட்டங்கிச் சமையற்காரரும் அன்னாவின் ரயிலும்

"நாவல் எழுத ஆரம்பிச்சாச்சுல்ல, இனிமே நாவல் எதையும் தொடாதீங்க. அடுத்தவன் நடை வந்து ஒட்டிக்கும்." எழுதத் தொடங்கியிருக்கிறேன் என்று வெளியே சொன்னதும் எனக்குக் கிடைத்த முதல் அறிவுரை இதுதான். சொன்னவர் நன்றாக எழுதுகிறவர், நல்ல மனதோடு சொன்னவர். ஆனால் முதல் நாவல் எழுதுகிறவனிடம் கெட்டுப்போவதற்கென்று சொந்த நடை எங்கே இருக்கிறது? ஒட்டுவது ஒட்டட்டும். நாலைந்து பேர் நடை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் எது யாருடையது என்று எனக்கே தெரியாமல் போகும். அதுவும் ஒரு வழிதானே.

இப்போது முன்னைவிட அதிகமாகப் படிக்கிறேன். படித்ததை முன்னைவிடச் சத்தமாகப் பேசுகிறேன். எழுதிக்கொண்டிருப்பதைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. இந்தப் பதிவு விதிவிலக்கு.

காரைக்குடியில் செக்காலைப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் கூடுகிறோம். ஆறேழு பேர். ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், வங்கியில் வேலை பார்க்கும் நண்பர் (அவர் வீட்டு மாடிதான்), முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர், முதுகலை படிக்கும் ஒரு பெண், பள்ளத்தூரிலிருந்து பஸ் ஏறி வரும் ஓர் ஆச்சி. எங்களில் அதிகம் படித்தவர் ஆச்சிதான். பட்டத்தைச் சொல்லவில்லை, பக்கத்தைச் சொல்கிறேன்.

இந்தக் கூட்டத்துக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. யாரும் தான் எழுதிக்கொண்டிருப்பதைக் கொண்டுவரக் கூடாது. அச்சில் வந்ததை மட்டும் பேசலாம். இதைக் கொண்டுவந்தது பேராசிரியர். முன்பு வேறொரு வட்டத்தில் ஆளுக்கொரு கையெழுத்துப் பிரதியோடு வந்து, ஒருவரை ஒருவர் பாராட்டியே அந்த வட்டம் கலைந்து போனதாம். அவர் சொல்வது சரி. எழுதியவர் எதிரே உட்கார்ந்திருந்தால் எல்லோருக்கும் மரியாதை வந்துவிடுகிறது. செத்துப்போன ரஷ்யரிடம் அந்த மரியாதை தேவையில்லை. இந்தக் கட்டுப்பாட்டில் யாரும் எதிர்பார்க்காத ஒரு லாபம் எனக்கு உண்டு. என் பிரதியில் எங்கே மாட்டிக்கொண்டேனோ அதே கேள்வியை டால்ஸ்டாய் மேல் குற்றச்சாட்டாக வைத்துவிடுவேன். எல்லோரும் டால்ஸ்டாய்க்காக வாதாடுவார்கள். நான் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.

என் கதையில் மாட்டிக்கொண்ட இடத்தைச் சொல்கிறேன். நாயகர் பினாங்கில் ஒரு கிட்டங்கியில் சமையற்காரர். கிட்டங்கியை எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: சிங்கப்பூர், பினாங்கு போன்ற ஊர்களில் நகரத்தார் வட்டிக்கடைகள் நடந்த நீளமான கட்டடம். ஒரே கூடத்தில் பல கடைகள். ஒவ்வொரு கடைக்கும் கொஞ்சம் தரை, ஒரு பெட்டி, கணக்கெழுத ஒரு சாய்வு மேசை, அவ்வளவுதான். பகலெல்லாம் தரையில் உட்கார்ந்து லேவாதேவி. ராத்திரி அதே இடத்தில் பாய் விரித்துப் படுக்கை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை உண்டு. குடும்பமெல்லாம் ஊரில். பெரும்பாலும் மூன்று வருடம் ஒரு கணக்கு. முடிந்ததும் ஊருக்கு வந்து கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பவும் கப்பல். இத்தனை ஆண்களுக்கும் யாரோ ஒருவர் உலை வைத்தாக வேண்டுமே, அந்த யாரோ ஒருவர்தான் என் ஆள். என் அம்மாவைப் பெற்ற தாத்தா அங்கே சமைத்தவர். அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்த வேலையை மட்டும்தான், மற்றதெல்லாம் கற்பனை.

அவர் நாகப்பட்டினத்தில் ரஜூலாவில் ஏறுகிறார். ரஜூலா 1926-ல் ஓடத் தொடங்கிய கப்பல், எழுபதுகள் வரை ஓடியது. சென்னையில் புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் ஆளேற்றி, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர். இந்தக் கடல் நாட்களுக்கு எத்தனை பக்கம் கொடுப்பது? ஒன்றுமே நடக்காத நாட்கள். ஒரு வரியில் தாண்டினால் கடல் தெரியாது. இருபது பக்கம் எழுதினால் வாசகர் கப்பலிலிருந்து குதித்துவிடுவார்.

அந்தச் சமயத்தில் நாங்கள் நா. தர்மராஜன் மொழிபெயர்ப்பில் 'அன்னா கரீனினா' படித்துக்கொண்டிருந்தோம். "டால்ஸ்டாய்க்குக் காலத்தை எப்படிப் பங்குபோடுவதுன்னே தெரியலை" என்று நான் ஆரம்பித்தேன். சும்மா ஒரு தூண்டில். முதுகலை படிக்கும் பெண் உடனே புத்தகத்தைப் புரட்டினாள். மாஸ்கோவிலிருந்து பீட்டர்ஸ்பர்க் திரும்பும் அன்னாவின் ரயில் பயணம், ஒரே ஒரு ராத்திரி. அதற்கு ஒரு முழு அத்தியாயம். வெளியே பனி. பெட்டிக்குள் சூடு. அன்னா ஓர் ஆங்கில நாவலைப் பிரிக்கிறாள், தாள் வெட்டும் கத்தியைக் கையில் வைத்திருக்கிறாள். படிப்பில் மனம் ஓடவில்லை. நாவலில் வருகிறவர்கள் செய்வதையெல்லாம் தானே செய்து பார்க்க வேண்டும்போல இருக்கிறது அவளுக்கு. அந்தக் கத்தியின் குளிர்ந்த பரப்பைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறாள். இவ்வளவுதான் சம்பவம். ஆனால் அந்த ராத்திரியில் அவள் மாறிவிடுகிறாள். விரான்ஸ்கி அவளைத் துரத்திய காலம் கிட்டத்தட்ட ஒரு வருடம். அதில் பெரும்பகுதியைத் தாண்டிவிட்டு, ஏறக்குறைய ஒரு வருடமாக அவனுக்கிருந்த ஒரே ஆசை நிறைவேறியது என்று இரண்டாம் பாகத்தில் ஓர் அத்தியாயத்தைத் தொடங்கிவிடுகிறார். எந்த வாசகரும் அந்த வருடம் எங்கே போயிற்று என்று கேட்டதில்லை.

பேராசிரியர் இதற்குத் தத்துவ விளக்கம் சொல்லப் போனார். ஆச்சி குறுக்கே வந்து, "அவ கையில வச்சிருந்த அந்த இங்கிலீஷ் புத்தகத்துக்குப் பேரு என்ன?" என்றார். டால்ஸ்டாய் பெயர் சொல்லவில்லை. "பேரு சொல்லாமலே இம்புட்டுத் தூரம் இழுத்துட்டாகளே" என்று ஆச்சிக்கு வியப்பு.

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. நீளமோ சுருக்கமோ, சம்பவத்தை வைத்து முடிவு செய்வதில்லை. ஆள் அந்த நேரத்தில் தனக்கே புதிதாகத் தெரிகிறாரா என்பதை வைத்து முடிவு செய்வது. சரி, கப்பலில் என் சமையற்காரருக்கு என்ன புதிது? யோசித்தால் ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. கல்யாண வீடு, கோயில் வீடு என்று ஊருக்கெல்லாம் சமைத்துப் போட்ட மனிதர் அவர். அந்தக் கப்பலில்தான் நாள்தவறாமல் அடுத்தவர் கையால் சாப்பிடுகிறார், அதுவும் வரிசையில் நின்று தட்டு நீட்டி. அதற்கு ஓர் அத்தியாயம் தாங்கும். அதன்பின் வரும் மூன்று வருடக் கணக்கு ஒரே வாக்கியத்தில் ஓடிவிட்டது. எனக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

எங்கள் ஊரில் இலக்கியப் பேச்சு என்றால் மேடைதான். அதைக் குறை சொல்லும் பழக்கம் புதிதாகப் படிக்க வருகிறவர்களிடம் உண்டு. 1939-ல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழா பங்குனியில் காரைக்குடியில் நடந்து, அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையில் முடியும். பட்டிமண்டபம் இன்றைக்கு டிவியில் படும் பாட்டைப் பார்த்தால் நம்ப முடியாது, ஆனால் கம்பனை வைத்து அதை ஒரு கலையாக வளர்த்தது இந்த மேடைதான். வாலியை மறைந்திருந்து கொன்றது முறையா? கும்பகருணன் அண்ணனோடு நின்றது சரியா, வீடணன் போனது சரியா? சின்ன வயதில் தரையில் உட்கார்ந்து கேட்டவர்கள் இன்னும் எங்கள் தெருக்களில் இருக்கிறார்கள்.

"நாவலைப் பட்டிமண்டபத்தில் வைக்கக் கூடாது, நாவலுக்குத் தீர்ப்பு கிடையாது" என்பார் வங்கி நண்பர். பாதி ஒத்துக்கொள்கிறேன். தீர்ப்பு ஒரு தொல்லைதான். ஆனால் மேடையில் பேசுகிறவருக்கு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்துக்கு நியாயம் தேடியாக வேண்டும். தனக்குப் பிடிக்காத ஆளுக்காக ராப்பகலாகப் பாட்டைப் புரட்டி, அவன் மனதில் நுழைந்து, அவனுக்கே தெரியாத காரணத்தைக்கூடக் கண்டுபிடித்துக்கொண்டு வர வேண்டும். நாவல் எழுதுகிறவன் செய்ய வேண்டியதும் இதைத்தானே? வில்லனுக்கு வக்கீல் வைக்கத் தெரியாதவர்கள் எழுதிய நாவல்கள் நம்மிடம் ஏகப்பட்டது கிடக்கின்றன.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டாகப் பட்டிமண்டபம் வைத்தோம். எடுத்துக்கொண்டது ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்'. சிங்காரம் இங்கே பக்கத்தில் சிங்கம்புணரியில் 1920-ல் பிறந்தவர். 1938-ல் இந்தோனேசியாவில் மேடானுக்குப் போய்க் கடை வேலை பார்த்தார். போருக்குப் பின் திரும்பி வந்து மதுரையில் பத்திரிகை வேலை. எழுதியது இரண்டே நாவல்கள். முதலாவது 1959-ல் வந்தது, 'புயலிலே ஒரு தோணி' 1972-ல். வாழும் காலத்தில் யாரும் அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடவில்லை. முதல் நாவலில் செல்லையா கடைப் பையனாக இருந்து இந்திய தேசிய ராணுவத்துக்குப் போய், போர் முடிந்து பினாங்குக்குத் திரும்புகிறான். முதலாளி வயிரமுத்துப் பிள்ளை அவனுக்கு மகள் மரகதத்தைத் தர மறுக்கிறார். துப்பாக்கி பிடித்தவன் வட்டித் தொழிலுக்கு ஆகமாட்டான் என்பது அவர் கட்சி. பிள்ளை செய்தது சரியா, தவறா?

சீட்டுக் குலுக்கியதில் எனக்குப் பிள்ளை பக்கம் விழுந்தது. வாரம் முழுக்க அவருக்காகப் புத்தகத்தைக் குடைந்தேன். கடை என்றால் அடுத்தவர் பணம். அதைப் பூட்டி வைக்க, நயமாகக் கேட்டு வாங்க, நாலு வார்த்தை கேட்டுப் பொறுத்துப்போகத் தெரிந்தவனுக்குத்தான் அது. ஆணையிட்டுப் பழகியவன் கல்லாவில் உட்கார்ந்தால் முதல் மாதத்திலேயே வரவு நின்றுவிடும். மகளைத் தருவதும் கடையைத் தருவதும் பிள்ளைக்கு வேறு வேறல்ல. நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். எதிர்த்தரப்பில் அந்தப் பெண் செல்லையாவுக்காகப் பேசியது இன்னும் பிரமாதம். நடுவராக உட்கார்ந்த ஆச்சி தீர்ப்புச் சொல்லவில்லை. "ரெண்டு பக்கமும் நல்லாத்தான் பேசுனீக. மரகதத்துக்காக ஒருத்தரும் பேசலையே" என்றார். பிறகு பையிலிருந்து சீப்புச் சீடையை எடுத்து வைத்தார்.

சிங்காரம் எனக்கு ஒரு பெரிய தடை. பினாங்கு, வட்டிக்கடை, போர்க்காலம் எல்லாவற்றையும் அங்கே வாழ்ந்த மனிதர் எழுதிவிட்டார். அதற்குப் பிறகு கிட்டங்கியைப் பற்றி வாய் திறக்க எனக்கு என்ன தகுதி? இதையும் மாறுவேடத்தில்தான் கேட்டேன். "சிங்காரம் எதைப் பார்க்கவில்லை?" பழம்பொருள் கடைக்காரர் சொன்னார்: "அவர் கண்ணு எப்பவும் வாசப்பக்கம் தம்பி. கடை, தெரு, பார், பட்டாளம். அடுப்படிக்குள்ள அவருக்கு ஜோலி இல்லை." சரிதான். அடுப்படியிலிருந்து பார்த்தால் அதே கூடம் வேறு மாதிரி இருக்கும். யாருக்குக் கடனுக்கு ஆள் நெருக்குகிறான், யாருக்கு ஊரிலிருந்து கெட்ட கடுதாசி என்பதெல்லாம் இலையில் மிச்சம் வைத்த சோற்றிலேயே தெரிந்துவிடும்.

அதே நாவல்களில் இன்னொன்றும் கவனித்தோம். நம்ம பக்கம் அவரிடம் வருவதெல்லாம் கடலுக்கு அந்தப்புறம் இருப்பவனின் நினைவாக. 'புயலிலே ஒரு தோணி'யில் பாண்டியன் மதுரைத் தெருக்களையும் தன் ஊரையும் நினைத்துக்கொள்ளும் பக்கங்களில் இருக்கும் துல்லியம், ஊரிலேயே உட்கார்ந்து ஊரை எழுதுகிற எங்களுக்கு வாய்ப்பதில்லை. நாங்கள் எழுத உட்கார்ந்தால் வீடு வந்து வழியை மறிக்கிறது. பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு, முகப்பில் நின்றால் வளவு தாண்டி இரண்டாங்கட்டு தாண்டிப் பின்வாசல் வரை நேராகத் தெரிவது. சினிமாக்காரர்களும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களும் இந்த வீட்டை வாசகருக்கு முன்பே காட்டித் தீர்த்துவிட்டார்கள். கானாடுகாத்தானில் எந்த வாரம் ஷூட்டிங் இல்லை? என் நாவலில் அந்த வீட்டுக்குள் யாரும் போவதில்லை. சமையற்காரர் பின்கட்டு வழியாக வந்து பின்கட்டு வழியாகப் போகிறவர். அவர் முகப்பைப் பார்த்திருந்தால் திருவிழாக் கூட்டத்தோடு தெருவிலிருந்து பார்த்திருப்பார், அவ்வளவுதான்.

ஆச்சியின் நிரந்தரக் கேள்வி ஒன்று உண்டு. எந்த நாவலாக இருந்தாலும், "இவுகளுக்கு எங்கிருந்து பணம் வருது?" ஆரம்பத்தில் சிரித்தோம். காதலில் உருகும் கதாநாயகனுக்கு வாடகை யார் கட்டுகிறார்கள் என்று இவர் கேட்டதும் இரண்டு புகழ்பெற்ற நாவல்கள் எங்கள் கண்ணெதிரே சரிந்தன. டால்ஸ்டாய் தப்பித்துவிட்டார். அவரிடம் காட்டை யார் எவ்வளவுக்கு விற்றார் என்பதுவரை இருக்கிறது. அன்னாவின் அண்ணன் ஸ்டீவா ஏமாந்து குறைந்த விலைக்கு விற்றதில் ஆச்சிக்கு அவர் மேல் நிஜமாகவே கோபம்.

பணக் கேள்வி இந்த மண்ணில் சாதாரணக் கேள்வி இல்லை. 1930-களின் பொருளாதார மந்தத்தில் பர்மாவில் கடன் வாங்கிய விவசாயிகள் கட்ட முடியாமல் போக, 1938 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் நகரத்தார் கைக்கு வந்துவிட்டது. அந்த விவசாயி வீட்டில் சொல்லும் கதையும் எங்கள் முகப்புத் திண்ணையில் சொல்லும் கதையும் ஒன்றாக இருக்க முடியாது. கொடுத்தவருக்கு வேண்டியது காசு, வந்து சேர்ந்தது விற்க முடியாத வயல். போரும் அதன்பின் நிலச்சட்டங்களும் அதையும் கொண்டுபோயின. இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் எங்கள் மாடியில் குரல் உயரும். உயரட்டும் என்று விட்டுவிடுகிறேன், எனக்கு இரண்டு கதைகளும் வேண்டும்.

மலாயாவில் கதை வேறு. ஜப்பானியர் காலத்தில் அவர்கள் அச்சடித்த, வாழைமரப் படம் போட்ட நோட்டு. 1945-ல் அது வெறும் காகிதமானது. அந்தக் காகிதத்தால் அடைத்த பழைய கடன் அடைந்த கணக்கா இல்லையா? எந்த மதிப்பில் கழிப்பது என்பதற்கு 1948-ல் அங்கே தனிச்சட்டமே போட வேண்டியிருந்தது. ஒரு சமையற்காரர் அந்த நாலு வருடச் சம்பளத்தை எந்த நோட்டில் வாங்கியிருப்பார்? நான் இதைக் கேட்கவில்லை. ஆச்சி சிங்காரத்தைப் பேசும்போது தானாகக் கேட்டார், "கடைப் பசங்களுக்குச் சம்பளம் எந்தக் காசுல?" அன்றைக்கு நான் நோட்டுப் புத்தகத்தை மறைத்து வைத்து எழுத வேண்டியிருந்தது.

கட்டுப்பாடு ஒரே ஒரு தடவை தளர்ந்தது. பழம்பொருள் கடைக்காரர் ஒரு பழைய பேரேட்டைக் கொண்டுவந்தார். எடைக்கு வந்ததாம். அச்சில் வராதது என்று வங்கி நண்பர் ஆட்சேபித்தார். எழுதியவர் உயிரோடு இல்லை, ஆகவே மனம் புண்படாது என்று பேராசிரியர் அனுமதித்தார். தமிழ் எண்களை அவர் வாசிக்க வாசிக்க நாங்கள் நாவல் போலக் கேட்டோம். வட்டி வரவு, கோயில் மகமை, மண்ணெண்ணெய், வெற்றிலை. எந்த வரியிலும் 'வருத்தம்' என்றோ 'மகிழ்ச்சி' என்றோ இல்லை. திடீரென்று ஓரிடத்தில் ஒரே நாளில் தந்திச் செலவு இரண்டு தடவை. மறுநாள் கப்பல் டிக்கெட். அதற்கப்புறம் கையெழுத்து வேறு. மாடியில் கொஞ்ச நேரம் யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. உரைநடையைப் பற்றி அன்றைக்குக் கற்றதை எந்தப் பயிலரங்கிலும் கற்றிருக்க மாட்டேன். உணர்ச்சியை எழுதாமல் செலவை எழுதுவது. என் நாவலில் இரண்டு பக்கம் இப்போது அப்படித்தான் இருக்கிறது.

இந்த மாதிரிக் காகிதங்களைக் குப்பை என்று நினைக்காத ஒரு மனிதர் கோட்டையூரில் இருந்தார். ரோஜா முத்தையா. சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை வரைக்கும் சேர்த்தார். 1992-ல் அவர் காலமானபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியில் அந்தச் சேகரிப்பு 1994-ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. கோட்டையூரில் இருந்ததைப் பார்க்கக் காரைக்குடிக்காரன் சென்னைக்கு விடியற்காலைப் பல்லவன் ரயிலைப் பிடிக்க வேண்டும். காகிதம் பிழைத்தது பெரிய விஷயம், அதில் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அடுத்த கூட்டத்துக்கு எந்தப் புத்தகம் என்பதில் இப்போது இழுபறி. பேராசிரியர் இன்னொரு ரஷ்ய நாவல் என்கிறார். வங்கி நண்பர் ஒரு மாறுதலுக்குத் துப்பறியும் நாவல் கேட்கிறார். பேராசிரியர் முகத்தைச் சுளித்தார். நான் வங்கி நண்பர் பக்கம் கை தூக்கியதில் பேராசிரியருக்கு வருத்தம். என் நாவலில் கிட்டங்கியில் ஒரு தொகை காணாமல் போகிறது. எடுத்தவர் யார் என்று வாசகருக்குக் கடைசி வரை தெரியக் கூடாது, ஆனால் முதல் அத்தியாயத்திலிருந்தே அவர் கண்முன்னால் நடமாட வேண்டும். அது எப்படி என்று கெட்டிக்காரர்கள் யாராவது செய்து வைத்திருப்பதைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். ஆச்சியின் ஓட்டு இன்னும் விழவில்லை. ஃபோனில் கேட்டதற்கு, "திருடுன பணத்த என்ன செஞ்சான்னு புத்தகத்துல இருக்கா, அதச் சொல்லுங்க மொதல்ல" என்கிறார்.